அமெரிக்காவில் கொலைகள் அதிகம் நடக்கும் நகரம் சிகாகோதானா?

சிகாகோதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் ஒரு பட்டியலில் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் முதலிடத்தில் இருக்கிறதே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செயின்ட் லூயிஸ் புறநகரில் குடியிருப்பவன். ஊரிலிருந்து போன் வந்தால் "அங்கே ஒரே துப்பாக்கிச் சூடாமே?" என்ற விசாரிப்பு இல்லாமல் பேச்சு முடியாது. அதனாலேயே இந்தக் கணக்கைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்து வைத்திருக்கிறேன்.

வெறும் எண்ணிக்கை என்றால் சிகாகோதான். 2021-இல் அங்கே ஏறக்குறைய 800 கொலைகள், 2024-இல் 573. ஆனால் சிகாகோவில் 27 லட்சம் பேர் வாழ்கிறார்கள். லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் 2024-இல் சுமார் 21 வரும். அதே ஆண்டு செயின்ட் லூயிஸில் 150 கொலைகள், மக்கள்தொகை 2.8 லட்சம்; லட்சத்துக்கு 53-ஐத் தாண்டுகிறது. நியூயார்க்கில் 377 பேர் கொல்லப்பட்டார்கள், ஆனால் அங்கே இருப்பது 84 லட்சம் பேர். விகிதம் ஐந்தைக்கூடத் தொடவில்லை. எண்ணிக்கையில் நியூயார்க்கின் பாதிகூட இல்லாத ஊர், விகிதத்தில் பத்து மடங்குக்கு மேல் போய் நிற்கிறது. எனவே நீங்கள் பார்த்த பட்டியலும் பொய்யில்லை.

சரி, அப்படியானால் செயின்ட் லூயிஸ்தான் மோசம் என்று முடித்துவிடலாமா? இங்கேதான் வகுக்கும் எண்ணை, அதாவது மக்கள்தொகையை, கவனிக்க வேண்டும்.

1876-இல் செயின்ட் லூயிஸ் நகரத்தார் வாக்களித்து, தங்களைச் சுற்றியிருந்த செயின்ட் லூயிஸ் கவுண்டியிலிருந்து (நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பகுதி) பிரிந்துகொண்டார்கள். அன்று நகரம் பணக்கார நகரம். வெளியே இருந்ததெல்லாம் வயல்காடு. அவர்களுக்கு நாம் ஏன் வரி கட்ட வேண்டும் என்ற நினைப்பு. அன்று போட்ட எல்லைதான் இன்றும். சுமார் 160 சதுர கிலோமீட்டர், அதற்கு மேல் ஓர் அங்குலம் வளர முடியாது. பிறகு என்ன நடந்தது? 1950-இல் 8.5 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2020-இல் 3 லட்சமாகிவிட்டது. வசதியுள்ளவர்கள் எல்லையைத் தாண்டி அதே கவுண்டிக்குக் குடிபோனார்கள். மொத்தப் பெருநகரப் பகுதியில் 28 லட்சம் பேர் இருக்கிறோம். அதில் பத்தில் ஒரு பங்குதான் 'செயின்ட் லூயிஸ்' என்று கணக்கில் வருகிறது. என் வீட்டு முகவரியில் செயின்ட் லூயிஸ் என்றுதான் இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் நான் கிடையாது.

டெல்மார் லூப் என்று ஒரு கடைத்தெரு இருக்கிறது. சாப்பாட்டுக் கடைகள், பாட்டுக் கச்சேரி நடக்கும் அரங்குகள், நடைபாதையில் ஊர்ப் பிரபலங்களின் பெயர் பொறித்த நட்சத்திரங்கள். சனிக்கிழமை சாயங்காலம் அதில் கிழக்கே நடந்துபோனால் நடுவில் எங்கோ கவுண்டியைச் சேர்ந்த யூனிவர்சிட்டி சிட்டி என்ற புறநகர் முடிந்து செயின்ட் லூயிஸ் நகரம் தொடங்கிவிடும். நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் போலீஸ் வேறு, நகரமன்றம் வேறு, கொலைக் கணக்கும் வேறு.

இதற்கு நேர் எதிர் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில். 1968-இல் அது தன் கவுண்டியோடு ஒன்றாகிவிட்டது. பரப்பளவில் செயின்ட் லூயிஸைப்போலப் பன்னிரண்டு மடங்கு. மோசமான தெருக்கள் அங்கும் உண்டு, ஆனால் அமைதியான புறநகரெல்லாம் வகுக்கும் எண்ணில் சேர்ந்துகொள்வதால் விகிதம் இறங்கிவிடும். மேரிலாந்தின் பால்டிமோரும் செயின்ட் லூயிஸ் மாதிரி எந்தக் கவுண்டியிலும் சேராமல் தனித்து நிற்கும் நகரம்தான். இந்த இரண்டு ஊர்களும் பல வருடங்கள் பட்டியலின் மேலே வந்ததில் இந்த எல்லைக்கும் பங்கு உண்டு. செயின்ட் லூயிஸையும் கவுண்டியையும் மறுபடி சேர்க்க 2019-இல் ஒரு திட்டம் வந்தது. வாக்கெடுப்புக்குப் போகும் முன்பே கைவிட்டுவிட்டார்கள்.

எல்லாம் எல்லைக்கோட்டு வித்தை என்று இங்குள்ள சிலர் சொல்வார்கள். புறநகரில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. டெல்மார் சாலைக்கு வடக்கே நகருக்குள் போய்ப் பாருங்கள். சிவப்புச் செங்கல்லில் கட்டிய நல்ல நல்ல வீடுகள், ஆள் இல்லாமல் கிடக்கும். சிலவற்றில் பின்சுவரே இருக்காது. பழைய செங்கல்லுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று பெயர்த்து விற்றுவிடுகிறார்கள். கறுப்பர்களுக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த ஊர் இது. அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்ததே, அந்த வழக்கு இந்த வடபகுதி வீடு ஒன்றைப் பற்றியதுதான். கொல்லப்படுபவர்களில் பெரும்பாலோர் கறுப்பின ஆண்கள். அவர்கள் தெருவுக்கு மட்டும் தனியாகக் கணக்குப் போட்டால், நகரத்தின் விகிதமே சின்னதாகத் தெரியும். நகரின் தென்மேற்கு மூலையில் நிலைமை தலைகீழ். சிகாகோவும் அப்படித்தான்: கொலைகள் அதிகமான வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் பகுதியும் அமைதியான எடிசன் பார்க் பகுதியும் ஒரே நகரம், ஒரே மேயர், ஆனால் வேறு வேறு உலகம்.

எது கொலை என்று எண்ணுவதிலும் சிக்கல் உண்டு. சிகாகோ வழியாகப் போகும் விரைவுச் சாலைகளில் யாராவது சுட்டுக்கொல்லப்பட்டால் அது மாநிலப் போலீஸ் கணக்கு, நகரப் போலீஸின் எண்ணில் சேராது. ஓக்லஹோமா சிட்டியில் 1995-இல் குண்டுவெடிப்பில் இறந்த 168 பேரை, நாடு முழுவதற்கும் குற்றக் கணக்கைத் தொகுக்கும் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ கொலைக் கணக்கில் சேர்த்தது. 2001 செப்டம்பர் 11-இல் இறந்தவர்களை வழக்கமான எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. இத்தனைக்கும் நகரங்களை இப்படி வரிசைப்படுத்தாதீர்கள் என்று அந்த எஃப்பிஐயே சொல்லிக்கொண்டிருக்கிறது. யார் கேட்கிறார்கள்!

என்னைக் கேட்டால், ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிடுவதைவிட அதே ஊரின் பழைய கணக்கோடு ஒப்பிடுவது உருப்படியான வேலை. எல்லை மாறாமல் இருக்குமல்லவா? நியூயார்க்கில் 1990-இல் 2,245 கொலைகள். அதில் 87 பேர் ஒரே தீவைப்பில் ஒரு கேளிக்கை விடுதியில் இறந்தவர்கள். அவர்களைக் கழித்தாலும் 2024-இன் 377 எங்கே, அது எங்கே. பால்டிமோரில் 2022-இல் 330-க்கு மேல் இருந்தது, இரண்டே ஆண்டில் 201 ஆனது. செயின்ட் லூயிஸில் 2020-இல் 263 பேர், லட்சத்துக்கு 87. அதன்பிறகு இறங்கித்தான் 2024-இல் மேலே சொன்ன 150-க்கு வந்தது. பட்டியலில் இடம் மட்டும் பெரிதாக மாறவில்லை.