மானியம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் என் பில்லுக்குக் காசு வரட்டும்

கேள்வி இது: "தொழில்முனைவோரை வளர்த்து அதன் மூலம் வேலைவாய்ப்பைப் பெருக்க அரசாங்கம் என்ன செய்யலாம்? மானியம், கடன், ஸ்டார்ட்அப் மாநாடு என்று நிறைய நடக்கிறதே, இதில் எது உண்மையில் பலன் தருகிறது?"

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஐடிஐயில் டர்னர் முடித்துவிட்டு கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஒன்பது வருடம் லேத் ஓட்டினேன். 2011இல் கணபதி பக்கம் ஒரு வாடகை ஷெட் பிடித்து, சொந்தமாக ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளுக்குப் பாகம் கடைந்து தரும் வேலை, எடுக்க ஆரம்பித்தேன். இன்றைக்கு இரண்டு சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்), மூன்று பழைய லேத், என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். பம்ப் ஷாஃப்ட், புஷ், வால்வு பாகங்கள் கடைகிறோம். அந்த ஷெட்டுக்குள் நின்று பார்த்தால் என்ன தெரிகிறதோ அதைத்தான் எழுதுகிறேன். ஆப் செய்கிறவர்களின் கதை வேறாக இருக்கலாம்.

மானியத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நானும் வாங்கியவன். புதிதாகச் சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கான மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் 10 லட்சத்துக்கு விண்ணப்பித்தேன். என் கையிலிருந்து 5 சதவீதம், அதாவது 50,000. மீதி வங்கிக் கடன். பிற்படுத்தப்பட்ட வகுப்பு, நகர்ப்புறம் என்ற கணக்கில் 25 சதவீதம் மானியம். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் அந்த இரண்டரை லட்சம் நம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாக இருக்கும், தொழில் ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். அந்த ஏற்பாடு சரிதான், மானியத்துக்காகவே போர்டு மாட்டிவிட்டு ஓடுகிறவர்களை அது தடுக்கும். என் வருத்தம் வேறு இடத்தில். 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே சொல்லிவிட்டது. நான் போன வங்கியில் மேனேஜர் அதை மறுக்கவில்லை. "ரூல் அப்படித்தாங்க, ஆனா வீட்டுப் பத்திரம் ஒரு காப்பி இருந்தா ஃபைல் சீக்கிரம் நகரும்" என்றார். கொடுத்தேன். ஃபைல் நகர ஐந்து மாதம் ஆனது.

சரி, அதனால் லேத் வந்தது, தொழில் தொடங்கியது. அந்த வகையில் திட்டம் எனக்கு உதவியது, இல்லையென்று சொன்னால் நன்றி கெட்டவன் ஆவேன். ஆனால் தொடங்குவதற்கு ஆயிரம் கைகள் உதவுகின்றன. மூன்றாவது வருடம் மூச்சுத் திணறும்போதுதான் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை. வேலைவாய்ப்பு பெருகுவதும் அந்த இடத்தில்தான் நின்று போகிறது. புதிதாக நூறு பேர் ஆளுக்கொரு லேத் வாங்கினால் நூறு பேருக்குச் சோறு. நான்கு பேர் வேலை பார்க்கும் ஷெட் முப்பது பேர் ஷெட்டாக வளர்ந்தால்தான் ஐடிஐ முடித்து வரும் பையனுக்கு வேலை.

எங்கள் ஊர் எப்படி வளர்ந்தது என்று கொஞ்சம் பாருங்கள். கோவைக்காரர்களின் ரத்தத்திலேயே தொழில் ஓடுகிறது என்று மேடையில் பேசுவார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் 1932இல் நீலகிரி மலையில் பைக்காராவில் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதே, அதைக் கட்டியது அன்றைய சென்னை மாகாண அரசு. அந்தக் கரண்ட் கீழே இறங்கிய பிறகுதான் இங்கே பஞ்சாலைகள் மளமளவென்று எழுந்தன. ஆலைகள் இருந்ததால் அவற்றுக்கு உதிரிபாகம் கடையப் பட்டறைகள் வந்தன. அப்புறம் அரசு கிராமத்துக் கிணறுகளுக்கெல்லாம் கரண்ட் இழுத்தபோது பம்ப்செட்டுக்குத் தேவை வந்தது. ஆலைக்குக் கடைந்துகொண்டிருந்த கை பம்ப்புக்குத் திரும்பியது. யாருக்கும் தொழில்முனைவோர் பயிற்சி முகாம் நடத்தவில்லை. கரண்ட் வந்தது, வாங்க ஆள் வந்தான், மிச்சத்தை எங்கள் தாத்தாக்கள் பார்த்துக்கொண்டார்கள்.

காமராஜர் காலத்தில் 1958இல் கிண்டியில் தொழிற்பேட்டை வந்தது, 60களில் அம்பத்தூர் வந்தது. அதுவும் இதே மாதிரிதான். ஷெட், ரோடு, கரண்ட் எல்லாவற்றையும் தயாராக வைத்து "வந்து மெஷினைப் போடு" என்றார்கள். இன்று என்னைப் போன்றவன் வீடுகளுக்கு நடுவே வாடகை ஷெட்டில் இருக்கிறான். ராத்திரி ஷிப்ட் ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார், அவர் மேலும் தப்பு சொல்ல முடியாது. நியாயமான வாடகைக்கு ஷெட் கிடைக்கிற பேட்டைகள் இன்னும் நிறைய வேண்டும். நான் சொல்வது வாடகைக்கு. மனை வாங்கப் பணம் இருப்பவனுக்கு அந்தப் பணத்தில் இன்னொரு சிஎன்சி வாங்கத்தான் தோன்றும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

2013இல் ஒரு பெரிய கம்பெனியிடமிருந்து தொடர்ச்சியான ஆர்டர் கிடைத்தது. பெயர் வேண்டாம். 90 நாள் கிரெடிட் என்று பேச்சு. முதல் பில்லுக்கு 110 நாள் ஆனது, அடுத்ததற்கு 140. ஒரு கட்டத்தில் ஆறு லட்சத்துக்கு மேல் அங்கே நின்றது. எனக்கோ சனிக்கிழமை சம்பளம், மாதம் பிறந்தால் வாடகை, வங்கித் தவணை. மெட்டீரியல் கடைக்காரர் எனக்குத் தருவது 30 நாள்தான். வங்கியில் ஓவர்டிராஃப்ட் எடுத்தேன், நகையை அடகு வைத்தேன், கடைசியில் இரண்டு பையன்களை நிறுத்தினேன். ஆர்டர் கையில் இருக்கும்போதே ஆளை நிறுத்துவது எவ்வளவு கேவலம் தெரியுமா? வேலை இருக்கிறது, செய்ய ஆள் இருக்கிறது, நடுவில் காசு மட்டும் இல்லை. அந்தப் பெரிய கம்பெனிக்கு நான் வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதற்கு என் மனைவியின் வளையல் ஜாமீன்.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால் அருமையான சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகார் சொல்ல வசதியாக்க கவுன்சில் இருக்கிறது, 2017இல் சமாதான் என்ற இணையதளமும் வந்தது. நான் புகார் கொடுத்தேனா? இல்லை. எனக்குத் தெரிந்து தொழிலை இன்னும் நடத்திக்கொண்டிருக்கிற யாரும் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் அந்தக் கம்பெனியோடு தொடர்பு அறுந்து, இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்தவர்கள். சோறு போடுகிறவன் மேல் நீயே போய்ப் புகார் கொடு என்று சொல்லும் சட்டம் எத்தனை கூர்மையாக இருந்தாலும் உறையிலேயேதான் கிடக்கும்.

அதனால்தான் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு சின்னப் பிரிவு வந்தபோது நான் மிகவும் ரசித்தேன். குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தரவில்லையென்றால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த வருடம் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. எப்போது கொடுக்கிறாரோ அப்போதுதான் கழிக்கலாம். 2023-24 நிதியாண்டின் கணக்கிலிருந்து இது அமலுக்கு வந்தது. இதில் நான் யார் மேலும் புகார் கொடுக்கத் தேவையில்லை. அவருடைய ஆடிட்டரே அவரைக் கேட்பார். 2024 மார்ச் மாதம் என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனிலிருந்து போன் வந்தது. "உங்க பாக்கி எவ்வளவுன்னு ஒரு ஸ்டேட்மென்ட் அனுப்புங்க சார்." சார்! பதின்மூன்று வருடத்தில் அந்த செக்‌ஷன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

உடனே ஓட்டையும் கண்டுபிடித்தார்கள், நம் ஆட்கள் ஆயிற்றே. இன்னொரு வாடிக்கையாளர் "உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு பில் போட முடியுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்கிற பதிவுதான் உத்யம், அதை வைத்துத்தான் இந்தப் பாதுகாப்பு. பதிவு செய்யாதவர்களிடம் வேலையைத் திருப்பிவிட்டவர்களும் உண்டு. அப்படியும் இதுவரை நான் பார்த்த அரசு உதவிகளில் கஜானாவுக்குச் செலவே இல்லாமல் இவ்வளவு வேலை செய்தது இதுதான். டிரெட்ஸ் என்ற மின்னணு மேடையும் நல்ல யோசனை. நம் பில்லை அதில் ஏற்றி, வாங்கியவர் ஒப்புக்கொண்டால், வங்கி நமக்கு முன்கூட்டியே பணம் தந்துவிடும். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதில் சேர்ந்தே ஆக வேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். சேர்ந்தால் போதுமா? நம் பில்லை அவர்கள் ஒப்புக்கொண்டு "ஆம், தர வேண்டியதுதான்" என்று பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கும் ஒரு கெடு வைத்து, மறுப்புச் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று ஆக்கினால் என்னைப் போன்றவர்களுக்கு எந்த மானியமும் தேவைப்படாது.

ஜிஎஸ்டியிலும் இதே முடிச்சு இருக்கிறது. பில் போட்டாலே வரி கட்டியாக வேண்டும், காசு வந்ததா என்பது வேறு கதை. வராத காசுக்கு அடுத்த மாதமே நான் அரசுக்கு வரி கட்டுகிறேன். பிரிட்டனில் விற்றுமுதல் 13.5 லட்சம் பவுண்டுக்குள் உள்ள நிறுவனங்கள், வாடிக்கையாளர் பணம் தந்த பிறகு வாட் என்ற விற்பனை வரியைக் கட்டலாம் என்ற ஏற்பாடு உண்டு. இங்கேயும் சிறியவர்களுக்காவது அப்படி வைக்கலாம்.

அரசாங்கமே ஒரு பெரிய வாடிக்கையாளர் என்பதை மறந்துவிடுகிறோம். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று கொள்கை இருக்கிறது. அதில் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு, 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு. கடன் கொடுப்பதைவிட ஆர்டர் கொடுப்பது எத்தனையோ மேல். ஆர்டர் கையில் இருந்தால் கடன் தானாக வரும். ஆனால் பொதுத் துறைப் பில்லும் தாமதமாகும் என்பது ஊரறிந்தது. என் நண்பர் ஒருவர் ஓர் உள்ளாட்சி அமைப்புக்கு மோட்டார் ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டு ஒன்றரை வருடம் நடந்தார். அடுத்தவனுக்கு 45 நாள் விதிக்கும் அரசு தன் பில்லை 45 நாளில் தீர்த்தாலே பாதி ஊர் நிமிர்ந்துவிடும்.

இன்னொன்று, சிறியவனைச் சிறியவனாகவே வைத்துக் காப்பாற்றும் பழக்கம். 1967இல் 47 பொருட்களைச் சிறுதொழிலுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள், அந்தப் பட்டியல் ஒரு காலத்தில் 800ஐத் தாண்டியது. நல்ல எண்ணம்தான். ஆனால் பெரிதானால் அந்தப் பொருளையே செய்ய முடியாது என்றால் யார் வளர்வான்? ஒரே குடும்பம் மனைவி பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று என்று ஷெட்டைப் பிரித்துக்கொண்டது. 2015இல்தான் கடைசிப் பொருட்களையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பழக்கம் மட்டும் போகவில்லை. பத்துப் பேர் ஆனால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), இருபது ஆனால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) என்பதால் ஒன்பதிலும் பத்தொன்பதிலும் நிற்கிற ஷெட்டுகள் நிறைய உண்டு. இஎஸ்ஐ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் ஆபரேட்டர் ஒருவருக்கு விரல் நசுங்கியபோது அதுதான் காப்பாற்றியது. பத்தாவது ஆளைச் சேர்க்கிற மாதத்தில் எல்லாச் சுமையும் ஒரே நாளில் தலையில் விழாமல் முதல் இரண்டு வருடம் முதலாளி பங்கில் கொஞ்சத்தை அரசு ஏற்கலாம். 2016இல் புதிதாகச் சேரும் ஆட்களின் பிஎஃப்புக்கு மூன்று வருடம் அப்படிச் செய்தார்கள், எங்கள் வரிசையில் இரண்டு பேர் அதை நம்பித்தான் ஆள் எடுத்தார்கள்.

கரண்ட் பற்றித் தனியாகவே எழுதலாம். சுருக்கமாக: 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தபோது யூனிட் விலையைவிட நிலைக்கட்டணம்தான் வலித்தது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாங்கிய லோடுக்குக் கட்ட வேண்டும். ஆர்டர் இல்லாத மாதத்தில்தான் அது கண்ணில் குத்தும். 2023இல் ஒரு நாள் ஷெட்டுகளை மூடிப் போராடினோம்.

ஸ்டார்ட்அப் மாநாட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கோவை கொடிசியா கண்காட்சி அரங்கில் நடந்த ஒன்றுக்குப் போயிருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருந்தது.

போன மாதம் என்னிடம் ஆறு வருடம் வேலை பார்த்த ஒரு தம்பி தனியாகப் போய்விட்டான். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், நல்ல கை. நான் செய்ததைத்தானே அவனும் செய்கிறான் என்று தேற்றிக்கொண்டேன். எந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்டு வந்தான். "அது இருக்கட்டும், பார்ட்டி எத்தனை நாள் கிரெடிட் சொல்றாங்க?" என்றேன்.

"90 நாள்ங்கண்ணா. எல்லாரும் அப்படித்தானுங்களே."

அங்கேயே உட்கார வைத்து என் கம்ப்யூட்டரில் உத்யம் பதிவைப் போட்டுக் கொடுத்தேன், அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. எண் வந்ததும் பில் புத்தகத்தை அச்சடிக்கும்போது மேலேயே பெரிதாகப் போடச் சொன்னேன். அவன் தயங்கினான், பார்ட்டி ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்று. நினைக்கட்டும் என்றேன். வெள்ளிக்கிழமை முதல் பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். எண் இருந்தது, ஆனால் கீழே, ரொம்பப் பொடியாக.