ஆண் புழு அடையை அறுக்காதீர்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் இருப்பது கரையிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் சின்னத் தீவு. தாத்தா காலத்திலிருந்து இங்கே கறுப்புத் தேனீ மட்டும்தான். வேறெங்கும் இது அதிகம் இல்லை என்கிறார்கள். என்னிடம் 34 பெட்டி, எல்லாம் ஒரே இடத்தில். தீவு முழுக்க எண்ணினால் அறுபது தேறும். இரண்டு வருடமாகப் புழு வளரும் அடை ஓட்டை ஓட்டையாக, நடுநடுவே அறை காலியாக இருக்கிறது, தேனும் குறைவு. பயிற்சியில் சொன்னபடி ஆண் புழு அடையைக் கண்டதும் அறுத்துவிடுகிறேன், பெட்டியைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். "ஒரே ரத்தம் சுத்திச் சுத்தி வந்து கெட்டுப்போச்சு, மஞ்சள் ராணி பத்து இறக்குங்க" என்கிறார் வியாபாரி. முன்பணம் கொடுத்துவிட்டேன். எந்த ரகம் நல்லது?

பதில்: எந்த ரகமும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் கவலைப்பட வேண்டிய வரி வேறொன்று, போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "ஆண் புழு அடையைக் கண்டதும் அறுத்துவிடுகிறேன்." அதற்கு வருகிறேன். முதலில் மஞ்சள் ராணி.

ஆண் தேனீக்கு அப்பன் கிடையாது. கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பதால் அதன் உடம்பில் இருப்பது முழுக்கத் தாயின் சொத்து. ஆகவே மஞ்சள் ராணி உங்கள் கறுப்பு ஆண்களோடு சேர்ந்தாலும் அவள் பெறும் மகன்கள் அசல் மஞ்சள்தான். அவர்கள் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஒரு ராணி பறக்கும்போது பத்து இருபது ஆண்களோடு சேர்கிறாள், அதற்காகப் பல கிலோமீட்டர் போவாள். சின்னத் தீவில் அந்த மகன்கள் எட்டாத மூலை எது? முதல் கலப்பில் பிறக்கும் கூட்டம் பெரும்பாலும் திடமாக இருக்கும், தேனும் கூடும். வியாபாரி உங்களுக்குக் காட்டுவது அந்த வருடத்துப் பெட்டியைத்தான். அடுத்த தலைமுறையில் கூட்டம் சிடுசிடுவென்று கொட்ட ஆரம்பிக்கும்போது அவரிடம் புது ராணி தயாராக இருக்கும்.

"ரத்தம் கெட்டுப்போச்சு" என்பதில் பாதி உண்மை உண்டு. தேனீயில் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் மரபணு ஒன்று பல வடிவங்களில் இருக்கிறது. கருவுற்ற முட்டையில் இரண்டு வெவ்வேறு வடிவம் சேர்ந்தால் பெண். ஒரே வடிவம் இரண்டு முறை வந்துவிட்டால் அது ஆணாகத் திரும்பும், ஆனால் உதவாத ஆண். பொரித்த சில மணி நேரத்திலேயே வேலைக்காரத் தேனீக்கள் அந்தப் புழுவைத் தின்றுவிடும். அறை காலி. தீவில் பத்து வடிவங்கள் சமமாகப் பரவியிருந்தால் பத்தில் ஓர் அறை இப்படி வீணாகும். ஆறுதான் மிச்சம் என்றால் ஆறில் ஒன்று.

ஆனால் ஓட்டை எல்லாமே இதனால் வந்தது என்று யார் சொன்னது? மூடிய புழு அடையில் பத்துக்குப் பத்து, நூறு அறையில் எத்தனை காலி என்று எண்ணுங்கள். அதே ராணியின் முட்டைப் பகுதியையும் பாருங்கள். முட்டை நிரம்பியிருந்து, மூடிய அடையில் மட்டும் ஓட்டை, செத்த புழுவும் இல்லையென்றால் நான் சொன்ன கதையாக இருக்கலாம். முட்டையே விட்டுவிட்டு இருந்தால் ராணி கிழடு, அல்லது சரியாகச் சேராதவள். மூடி குழிந்து துளை விழுந்திருந்தால், தீக்குச்சியை உள்ளே விட்டு இழுங்கள். பழுப்பாக நூல் போல நீண்டு வந்தால் அது அமெரிக்கப் புழு அழுகல் என்கிற தொற்றுநோய். அன்றே பெட்டியை மூடிவிட்டு, நோய்ப் பரிசோதனை செய்பவர்களை அழையுங்கள்.

இனி ஆண் அடை. அதை அறுக்கச் சொன்ன பயிற்சி, தேனீயில் ஒட்டி உறிஞ்சும் வர்ரோவா உண்ணி இருக்கும் ஊர்களுக்கானது. அந்த உண்ணி ஆண் புழுவைத்தான் விரும்பித் தேடிப் போகும். அதனால் அங்கே ஆண் அடையைப் பொறியாக வைத்து அறுத்தெடுப்பார்கள். உங்கள் தீவில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்தீர்களா? நாலைந்து பெட்டியில் கொஞ்சம் தேனீயை எடுத்து, பொடிச் சர்க்கரை போட்டுக் குலுக்கி, உண்ணி உதிர்கிறதா என்று சோதியுங்கள். இல்லையென்றால், இத்தனை வருடமாக நீங்கள் அறுத்தெறிந்தது உங்கள் அபூர்வத் தேனீயின் விதைநெல்லை. அறுபது கூட்டத்தில் 34 உங்களுடையது. அந்த 34 கூட்டமும் மாப்பிள்ளை அனுப்பாவிட்டால், தீவின் புது ராணிகளுக்கெல்லாம் மிச்சம் 26 வீட்டுப் பையன்கள்தான். பாலின வடிவங்கள் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். ரத்தம் தானாகக் கெடவில்லை, கத்தியும் கூட நின்றிருக்கிறது.

இதே காரணத்தால்தான் அடை கட்டும் மரச்சட்டம் முழுக்க மெழுகுத் தாள் ஒட்டுவதும் எனக்குப் பிடிக்காது. கடையில் வழக்கமாக விற்கும் தாளில் அச்சு வேலைக்காரத் தேனீ அறை அளவுக்கே இருக்கும். ஆண் அறை அதைவிடப் பெரியது, கட்ட இடமே இருக்காது. விட்டுவிட்டால் கூட்டம் தன் அடையில் ஆறில் ஒரு பங்கு வரை ஆண் அறையாகக் கட்டும். ஆண்கள் சும்மா தின்கிறார்கள் என்று கணக்குப் பார்த்து அந்த இடத்தைப் பிடுங்குகிறோம். பிறகு ராணி சரியாகச் சேரவில்லை என்று ராணி வாங்குகிறோம். தாளும் ராணியும் ஒரே கடையில்தான் கிடைக்கும், கவனித்தீர்களா? ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சட்டத்தில் மேலே விரல் அகலத் துண்டு மட்டும் ஒட்டி, மீதியைத் தேனீ இஷ்டத்துக்கு விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

ராணி வளர்க்கும்போது நாளையும் பாருங்கள். ஆண் முட்டையிலிருந்து வெளிவர 24 நாள், முற்ற இன்னும் சுமார் 12 நாள். ராணி 16 நாளில் வெளிவந்து ஒரு வாரத்துக்குள் பறக்கத் தயார். ஆகவே ஆண் அடையில் முட்டை விழுந்து இரண்டு வாரம் கழித்துத்தான் ராணி வளர்ப்பைத் தொடங்க வேண்டும். நன்றாகத் தேன் தரும் ஒரே பெட்டியிலிருந்து எல்லா ராணியையும் எடுக்கும் ஆசை வரும், வேண்டாம். எத்தனை தாய்களிடமிருந்து முடியுமோ அத்தனையிலிருந்தும் எடுங்கள், சுமாரான பெட்டி உட்பட.

பழைய பெட்டி, பழைய அடை, வெளித் தேன் எதையும் தீவில் இறக்காதீர்கள். புழு அழுகலின் வித்து பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். தேனீக்கு வெளித் தேனை ஊட்டுவதற்குச் சர்க்கரைப் பாகு எவ்வளவோ மேல்.

நீங்கள் ஒருவர் கட்டுப்பட்டால் போதாது, தீவே கட்டுப்பட வேண்டும். ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவு 1885-லேயே சட்டம் போட்டு லிகூரியத் தேனீயைக் காக்கிறது, அதுவும் இத்தாலியிலிருந்து வந்த தேனீ! ஸ்காட்லாந்தின் கொலன்சே தீவில் ஐம்பது சொச்சம் கறுப்புத் தேனீக் கூட்டங்களுக்காக 2013-ல் ஆணை வந்தது. வேறு தேனீ வளர்ப்பது குற்றம். டென்மார்க்கின் லேசோ தீவில் வேறு தேனீ வைத்தவர் மீதான வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1998-ல் தடை செல்லும் என்றே தீர்ப்பானது. இந்த மூன்றையும் எழுதி உங்கள் உள்ளூர் நிர்வாகத்திடம் மனுவாகக் கொடுங்கள். அறுபது கூட்டம் கொலன்சேயைவிடக் குறைவில்லை.

34 பெட்டியையும் ஒரே இடத்தில் வைத்திருப்பது தனிப் பைத்தியக்காரத்தனம். கங்காரு தீவில் 2019-20 காட்டுத்தீ ஏறக்குறைய பாதித் தீவைத் தின்றது. பல நூறு பெட்டிகள் போயின. வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்பவும் முடியாது. மூன்று இடமாகப் பிரியுங்கள், ஒன்றாவது காற்றுக்கு மறைவாக இருக்கட்டும்.

முன்பணத்தைக் கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் போகட்டும். அதற்குள் ராணிகள் வந்து இறங்கிவிட்டால், கூண்டைத் திறக்காமல் அதே படகில் திருப்பி அனுப்புங்கள்.