மஞ்சளான தண்ணீரும் 8,500 ரூபாயும்

கேள்வி: வீடு தேடி வந்த விற்பனையாளர், குழாய்த் தண்ணீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டார். மஞ்சளானது. “குளோரின் தண்ணீரில் ஆசிட் ஆகிறது, குடலை அரிக்கும்” என்று பயமுறுத்தி, 72 வயது அம்மாவிடம் 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டு வடிகட்டி மாட்டிவிட்டார். உண்மையா? (மேலூர்)

பதில்: பாதி உண்மை. அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள்; பாதி உண்மைக்கு யாரும் ஏமாறுவார்கள். அந்தச் சொட்டு ஆர்த்தோடாலிடின். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். ஊர்க் குடிநீரைச் சோதிப்பவர்கள் மஞ்சள் வரவேண்டும் என்றுதான் அதை விட்டுப் பார்ப்பார்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு.

ஆசிட்டும் நிஜம்தான். குளோரின் வாயு தண்ணீரில் கரைந்தால் ஹைட்ரோகுளோரிக், ஹைப்போகுளோரஸ் என இரண்டு அமிலங்கள் பிறக்கும். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். குளோரினோடு ஹைட்ரஜன் மட்டும் சேர்ந்தால் ‘ஹைட்ரோ’. ஆக்சிஜனும் சேர்ந்தால் அதன் எண்ணிக்கைப்படி பெயர்: ஒன்றுக்கு ஹைப்போகுளோரஸ், இரண்டுக்குக் குளோரஸ், மூன்றுக்குக் குளோரிக், நான்குக்குப் பெர்குளோரிக். கிருமியைக் கொல்வது முக்கியமாக ஹைப்போகுளோரஸ். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஹைட்ரோகுளோரிக் அரை மில்லிகிராம்தான் வரும். தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டே அதை முறித்துவிடும். அம்மாவின் வயிற்றில் தினமும் சுரப்பதும் அதே அமிலம்தான்!

ரசீதோடு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: குளியலறை பளிச்சென்று இருக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடரில் கழிவறை ஆசிட்டை ஊற்றினேன். மூச்சு முட்டியது. நஷ்டஈடு கிடைக்குமா? (திருமங்கலம்)

பதில்: டப்பாவில் எச்சரிக்கை இருந்தால் கிடைப்பது கடினம். மேலே சொன்னதைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள்: பிளீச்சிங் பவுடரிலிருந்து வரும் ஹைப்போகுளோரஸும் கழிவறை ஆசிட்டில் உள்ள ஹைட்ரோகுளோரிக்கும் சேர்ந்து மறுபடி குளோரின் வாயு. எச்சரிக்கையை அச்சிடுவது படிப்பதற்காகத்தான்.

கேள்வி: கிணற்றுக்குச் சாக்கில் அள்ளி விற்கும் பிளீச்சிங் பவுடர் வாங்கினேன். வாடையே இல்லை. (உசிலம்பட்டி)

பதில்: வாடை போனால் சரக்கும் போயிற்று. புதிய தூளில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். வெயிலும் ஈரமும் பட்டால் நாளுக்கு நாள் குறையும். தேதியில்லாத திறந்த சாக்கைக் கடைவாசல் வெயிலில் வைத்து விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். ஆத்திரப்பட எனக்கு உரிமையும் உண்டு. கீழமாசி வீதியில் மலிவு என்று 10 கிலோ வாங்கி, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் போட்டுவைத்தவன் நான். ஆடியில் பிரித்தால் சுண்ணாம்புக் கட்டி. சுத்தியலால்தான் உடைக்க முடிந்தது.