வீரன் விழுந்த பிறகு: டிஎன்டி ஆட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கதாபாத்திரத்தின் இறப்பைப் பற்றியும், அதற்குப் பதிலாக வரும் புதியவரைப் பற்றியும் இருந்தன. கீழே குறிப்பிடும் விதிகள், ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ (டிஎன்டி) ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பைச் சேர்ந்தவை.

கேள்வி: நான் ஸ்கிரீனுக்குப் (மறைப்புத் தட்டிக்குப்) பின்னால் பகடை உருட்டும் டிஎம், அதாவது கதையை நடத்துபவர். சென்ற வாரம் எதிரியின் தாக்குதலுக்கு உருட்டியபோது எனக்கு 20 விழுந்தது. உண்மையைச் சொன்னால் நண்பரின் மந்திரவாதி இறந்துவிடுவார் என்பதால், குறி தப்பிவிட்டது என்று கூறினேன். அவர் கண்டுபிடித்துக் கோபித்துக்கொண்டார். நான் செய்தது தவறா? (ஈசூன்)

பதில்: உங்கள் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய கோபம் நியாயமானது. ஒருமுறை பொய்யால் பிழைத்தோம் என்று தெரிந்துவிட்டால், அதற்கு முன்பு தம் திறமையாலோ அதிர்ஷ்டத்தாலோ பிழைத்த ஒவ்வொரு தருணமும் அவருக்குச் சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது.

அந்தப் பொய்க்குத் தேவையும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஹிட் பாயின்ட் (அடி தாங்கும் அளவைக் காட்டும் எண்) சுழியத்தைத் தொட்டதும் பாத்திரம் இறந்துவிடுவதில்லை. மயங்கி விழுந்தவர் தம் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டுகிறார். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று வெற்றிகள் சேர்ந்தால் உயிர் நிலைக்கிறது, மூன்று தோல்விகள் சேர்ந்தால் பிரிகிறது. 1 விழுந்தால் இரண்டு தோல்விகளாகக் கணக்கு. 20 விழுந்தால் ஒரு ஹிட் பாயின்டோடு எழுந்துவிடுவார். எவரும் உதவிக்கு வராத நிலையிலும், மேலும் அடி விழாதவரை, பிழைப்பதற்கு ஏறத்தாழ 60 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஹிட் பாயின்ட் சுழியமான பிறகும் மிஞ்சிய சேதம் பாத்திரத்தின் உச்ச ஹிட் பாயின்டை எட்டினால் மட்டுமே உடனடி மரணம்.

இரக்கம் காட்ட விரும்பினால் பகடை விழுவதற்கு முன்பே காட்டுங்கள். எதிரிகள் ஆளை உயிரோடு பிடித்து மீட்புப்பணம் கேட்கும் கொள்ளையர்கள் என்று தொடக்கத்திலேயே முடிவுசெய்துவிடலாம். கைகலப்பில் வீழ்த்துபவர் கொல்லாமல் மயங்கச் செய்யலாம் என்று விதியே இடம் தருகிறது. பிறகு ஸ்கிரீனை மடித்து வைத்துவிட்டு, அனைவரும் பார்க்கும்படி உருட்டுங்கள்.

கேள்வி: எங்கள் குழு ஐந்தாம் லெவலில் (வலிமைப் படியில்) இருக்கிறது. இறந்தவருக்குப் பதிலாக வரும் பாத்திரம் முதல் லெவலிலிருந்துதான் தொடங்க வேண்டும், அதுவே பழைய மரபு என்கிறார் எங்கள் டிஎம். (பிடோக்)

பதில்: மரபு என்பது உண்மைதான், ஆனால் அந்த மரபு பிறந்த சூழல் வேறு. 1974இல் வெளிவந்த முதல் பதிப்பில், மூன்று பகடைகளை ஆறு முறை உருட்டி, மூன்று வகுப்புகளில் (பாத்திர வகைகளில்) ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பாத்திரம் ஏறத்தாழத் தயார். சில நிமிடங்களில் உருவானவர் சில நிமிடங்களில் இறந்தாலும் இழப்பு பெரிதில்லை. இன்று ஒரு பாத்திரத்தை உருவாக்கவே ஒரு மாலைப்பொழுது போய்விடுகிறது.

உங்கள் டிஎம் பக்கமும் ஒரு வாதம் உண்டு. ஐந்தாம் லெவலுக்கு 6,500 எக்ஸ்பி (அனுபவப் புள்ளிகள்), ஆறாம் லெவலுக்கு 14,000 எக்ஸ்பி தேவை. ஆகவே மற்றவர்கள் ஒரு லெவல் ஏறுவதற்குள், சம பங்கு பெறும் புதியவரும் 7,500 எக்ஸ்பி சேர்த்து ஐந்தாம் லெவலை எட்டிவிடுவார். காகிதத்தில் இது அழகான கணக்கு. ஆனால் அதுவரை அவர் உயிரோடு இருக்க வேண்டுமே! எட்டு ஹிட் பாயின்ட் உள்ள முதல் லெவல் மந்திரவாதி மீது, அக்குழுவின் எதிரிகள் சாதாரணமாக வீசும் ஒரு தீக்கோளம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சராசரிச் சேதம் 28, மிஞ்சுவது 20, மயக்கத்துக்குக்கூட வழியின்றி அங்கேயே முடிந்துவிடுவார். குழுவின் லெவலிலேயே சேர்ப்பதுதான் என் பரிந்துரை. இறப்புக்கு ஏதாவது விலை வேண்டும் என்று அவர் வற்புறுத்தினால் ஒரு லெவல் குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே போக வேண்டாம்.

கேள்வி: துவாஸில் வேலை முடித்து நேராக ஆட்டத்துக்கு வரும் நண்பரின் பாத்திரம் இரவு எட்டு மணிக்கே இறந்துவிட்டது. நிலவறையின் நடுவில் புதியவரை எப்படிக் கொண்டுவருவது என்று தெரியாததால், கடைசி ரயிலுக்குக் கிளம்பும்வரை அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். (கிளமெண்டி)

பதில்: இம்மாதக் கேள்விகளில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். பாத்திரம் இறக்கலாம், அதை ஆடியவர் மேசையில் பிணம்போல் உட்கார்ந்திருக்கக் கூடாது. புதியவர் வரும் காரணம் சற்று நம்பமுடியாததாக இருந்தாலும் பரவாயில்லை, அரைமணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். அடுத்த அறையில் கட்டிப்போடப்பட்ட கைதி, முன்பு வந்து அழிந்த குழுவில் எஞ்சியவர், வழிகாட்டியாகக் கூடவே வந்துகொண்டிருக்கும் கூலியாள் என எத்தனையோ வாய்ப்புகள் உண்டு. அதுவரை பூதங்களை அவரே நடத்தட்டும். தம்மைக் கொன்ற பூதத்தைத் தாமே ஆடுவதில் சிலருக்குத் தனி மகிழ்ச்சி. ஒவ்வொருவரும் மாற்றுப் பாத்திரத்தாள் ஒன்றை எழுதிக் கோப்பில் வைத்திருக்கச் சொல்வது நல்லது. அதை அபசகுனம் என்று எவரும் எண்ணுவதில்லை.

புதியவரைப் பழைய குழு ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கமும் உண்டு. அதைத் தவிர்க்க, அவர் நுழையும்போதே, “இவரை உங்களில் யாருக்கு முன்பே தெரியும், எப்படித் தெரியும்?” என்று ஆட்டக்காரர்களைக் கேளுங்கள். யாராவது ஒருவர் “இவர் எனக்குக் கடன் பாக்கி வைத்திருப்பவர்” என்று சொல்லிவிட்டால், விசாரணை முடிந்து கதை தொடங்கிவிடும்.

கேள்வி: இறந்தவரின் இரட்டைச் சகோதரனை, அதே திறன் எண்களோடும் அதே வாளோடும் கொண்டுவருகிறார் நண்பர். அனுமதிக்கலாமா? (செங்காங்)

பதில்: 1984இல் வெளிவந்த ‘பாரனோயா’ என்ற இதே வகை ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஆளின் ஆறு நகல்கள் உண்டு, அங்கே அது நகைச்சுவை. உங்கள் கதை நகைச்சுவை அல்லவென்றால், எண்கள் இருக்கட்டும், ஆளை மாற்றச் சொல்லுங்கள். வாள் வேறு சிக்கல். புதியவர் தமக்குரிய பொருள்களோடு வருவார்; இறந்தவரின் பொருள்களும் குழுவிடமே தங்கினால், ஒவ்வொரு சாவிலும் குழு பணக்காரக் குழுவாகிவிடும். பழையதை வாரிசுக்கோ கோயிலுக்கோ அனுப்புங்கள், அல்லது புதியவர் வெறுங்கையோடு வந்து அதைப் பெற்றுக்கொள்ளட்டும்.

கேள்வி: சமூக மன்றத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆட்டம் நடத்துகிறேன். ஒரு மாணவியின் வில்லாளி இறந்ததும் அவள் அழுதுவிட்டாள். அடுத்த வாரமே புதுப் பாத்திரம் ஆடச் சொல்லலாமா? (தோ பாயோ)

பதில்: முதலில், வில்லாளி திரும்பி வர வேண்டுமா என்று அவளையே தனியாகக் கேளுங்கள். இறந்து 10 நாள்களுக்குள், 500 பொற்காசு மதிப்புள்ள வைரம் ஒன்றைச் செலவழித்து உயிர்ப்பிக்கும் மந்திரம் உண்டு. வைரத்தைத் தேடுவதே நல்ல கதையாகும். வேண்டாம் என்றால் முறையாக வழியனுப்புங்கள். நம் மரபிலேயே அதற்கு வழி இருக்கிறது. போரில் விழுந்த வீரனுக்கு நடுகல் எடுப்பதைக் கல்லைத் தேர்ந்து காண்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என ஆறு படிகளாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. குழுவினர் ஆளுக்கொரு படியை ஏற்று நடத்த அரைமணி நேரம் போதும். கல்லில் எழுத வேண்டிய வரியை அவளே எழுதட்டும். அந்தக் கல்லைத் தேடிவரும் ஒருவராகப் புதுப் பாத்திரம் கதைக்குள் நுழையலாம். அது அடுத்த வாரமா அதற்கடுத்த வாரமா என்பது அவள் விருப்பம்.

கேள்வி: நண்பர் இரண்டு வாரம் ரிசர்விஸ்ட் (ராணுவ) பயிற்சிக்குப் போகிறார். அவருடைய பாத்திரத்தைக் கொன்றுவிடலாமா? (உட்லண்ட்ஸ்)

பதில்: கூடாது. சத்திரத்தில் காய்ச்சலோடு படுத்திருக்கட்டும்.