‘எந்த ஊரு?’ என்று கேட்டது தப்பா?

கேள்வி: வங்கியில் 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடு மாட்டுங்காவில். சயானுக்கும் தாராவிக்கும் நடுவில் உள்ள ஓர் உதவி மையத்தில், வாரம் இரண்டு நாள் வாசல் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்க ஆள் வேண்டும், தமிழ் தெரிந்தால் நல்லது என்றார்கள். ஆசையாகப் போனேன். இரண்டாம் நாளே ஒரு சின்னப் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். ஊரில் உள்ள ரேஷன் கார்டை இங்கே மாற்ற வேண்டுமாம். “என் பேரையும் பிள்ளை பேரையும் மட்டும் தனியா எடுக்க முடியுமாம்மா?” என்றாள். தமிழ்ப் பெண் என்றதும் எனக்குச் சந்தோஷம். எந்த ஊர், எந்தத் தெரு, வீட்டுக்காரர் என்ன பண்றார், கல்யாணமாகி எத்தனை வருஷம் என்றெல்லாம் விசாரித்து, கார்டு விஷயத்தையும் விலாவாரியாகச் சொல்லி அனுப்பினேன். “சரிங்கம்மா” என்று போனவள் திரும்ப வரவேயில்லை. என் மகள் வயதுகூட இல்லாத கோ-ஆர்டினேட்டர், “மாவ்ஷி (மராத்தியில் சித்தி), நீங்க ரொம்பக் கேட்டுட்டீங்க” என்கிறாள். அன்பாகத்தானே கேட்டேன்? இந்த வேலை எனக்குச் சரிப்படாதா? அந்தப் பெண்ணின் ஊர்க்காரர் ஒருவர் எங்கள் கோயிலுக்கு வருவார். அவர் மூலம் விசாரித்துப் பார்க்கலாமா?

— ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். விசாரிக்கக் கூடாது. கோயில்காரரிடம் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை விடக் கூடாது. ஏற்கெனவே பேசிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே கோ-ஆர்டினேட்டரிடம் சொல்லிவிடுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் அங்கே வந்தது வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். மும்பையில் தமிழர்கள் லட்சக்கணக்கில் இருந்தாலும், ஒரே ஊர்க்காரர்கள் என்று எடுத்துக்கொண்டால் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தன்னைத் தெரிந்தவர் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அந்தப் படியேறியிருப்பாள்.

சரி, கேட்டது தப்பா என்பதற்கு வருவோம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை முழுக்க உங்கள் கட்சிதான். நானாக இருந்தாலும் அதே கேள்விகளைத்தான் கேட்டிருப்பேன். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் கல்யாணைத் தாண்டுவதற்குள் எதிர் சீட்டுக்காரரின் ஊர், உத்தியோகம், பிள்ளைகள் கணக்கு எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடுகிற ஆட்கள் நாம். அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. புளிசாதப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் செய்கிற அறிமுகம், அவ்வளவுதான்.

ஆனால் ரயிலில் இரண்டு பேரும் ஒரே டிக்கெட்காரர்கள். மையத்தில் அப்படி இல்லை. உங்களுக்கு மேசை இருக்கிறது, அவளுக்குத் தேவை இருக்கிறது. நீங்கள் எதைக் கேட்டாலும் அவள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். பதில் சொல்லாவிட்டால் வேலை நடக்காதோ என்ற பயம் இருக்கும்.

அதிலும் ‘எந்த ஊரு’ என்பது நமக்கு உறவு தேடுகிற கேள்வி. அதற்கு அடுத்து ‘எந்தத் தெரு’ என்று போனால் அது வேறு கேள்வி ஆகிவிடுகிறது. நம் தென்மாவட்டத்து ஊர்களில் தெருப் பெயரைச் சொன்னால் போதும், சாதியைத் தனியாகக் கேட்க வேண்டாம். தாராவிக்குத் தோல் பதனிடும் வேலைக்கென்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் பலருக்கு, அந்தத் தெருப் பெயரை விட்டு வந்ததுதான் பெரிய விடுதலை. அவர்களுடைய பேத்தி வயதில் ஒரு பெண்ணிடம் மாட்டுங்காவிலிருந்து வந்த ஓர் அம்மா அதே கேள்வியைக் கேட்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள். மும்பைத் தமிழர் நடுவில் மாட்டுங்கா என்றால் என்ன, தாராவி என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பெண் யாரோ, என்னவோ. ஆனால் அந்தக் கேள்வி எத்தனை பேருக்கு எங்கே போய்க் குத்தும் என்று உங்களால் முன்கூட்டிச் சொல்ல முடியாது இல்லையா?

‘வீட்டுக்காரர் என்ன பண்றார்’ என்பதும் அப்படித்தான். அவர் அடிக்கிறவராக இருக்கலாம், விட்டுப் போனவராக இருக்கலாம், செத்துப் போயிருக்கலாம்.

இரண்டாவது முறை படித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது: ‘என் பேரையும் பிள்ளை பேரையும் மட்டும் தனியா எடுக்க முடியுமா?’

கார்டு விஷயத்தில் நீங்கள் என்ன சொன்னீர்களோ தெரியவில்லை. நிலவரம் இது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்துவிட்டது. முன்னுரிமைக் கார்டாக இருந்து, ஆதாரும் இணைக்கப்பட்டிருந்தால், இங்கே உள்ள ரேஷன் கடையில் கைரேகை வைத்து வாங்கலாம். கார்டை மாற்றவே வேண்டாம். ஒரு பகுதியை இவர்கள் இங்கே வாங்கிக்கொண்டு, மீதியை ஊரில் உள்ளவர்கள் அங்கே வாங்கவும் வழி உண்டு. ஸ்மார்ட் கார்டில் பிஎச்எச் (முன்னுரிமைக் குடும்பம்) என்றோ, பரம ஏழைகளுக்கான அந்தியோதயாவைச் சேர்த்து பிஎச்எச்-ஏஏஒய் என்றோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்பிஎச்எச் (முன்னுரிமை இல்லாதது) என்றிருந்தால் அது தமிழ்நாடு அரசு தன் கையிலிருந்து கொடுப்பது, இங்கே செல்லாது.

ஆக, பெயரை எடுக்காமலே இங்கே அரிசி வாங்க வழி இருக்கிறது. இருந்தும் கைக்குழந்தைக்காரி ஒருத்தி ‘எங்க ரெண்டு பேரை மட்டும் தனியா’ என்று கேட்டால், அவள் கேட்பது அரிசியாக இல்லாமலும் இருக்கலாம். மாமியார் வீட்டுக் கார்டிலிருந்து தனிக்குடித்தனம் பிரிகிற சாதாரண விஷயமாகவும் இருக்கலாம். நமக்குத் தெரியாது. தெரியாதபோது செய்ய வேண்டியது, அவள் சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொல்வது. “உங்க ரெண்டு பேர் பேரை மட்டுமா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். பத்து விநாடி பேசாமல் இருந்து பாருங்கள், பத்து நிமிடம் போலத் தெரியும். நீங்கள் அந்த இடத்தில் விதிமுறை சொல்ல ஆரம்பித்திருக்கிறீர்கள். 33 வருட கவுன்ட்டர் பழக்கம், பின்னால் வரிசை நிற்கிறது என்ற நினைப்பு.

இதை எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்றால், நானும் சறுக்கியவள்தான். சில வருடங்களுக்கு முன் பரேலில், வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களுக்குத் தங்குமிடம் பார்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்தேன். விழுப்புரம் பக்கத்துக்காரர் ஒருவர், மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், “எல்லாம் சரியாயிடும், கவலைப்படாதீங்க” என்றேன். அவர் நிமிர்ந்து, “டாக்டர் சொன்னாரா?” என்று கேட்டார். உண்மையாகவே எனக்கு ஏதோ தகவல் வந்திருக்கிறது என்று நம்பிக் கேட்டார். அன்றோடு அந்த வாக்கியத்தை விட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள். கூடவே, “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்பதையும். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று காதில் விழுந்தால், 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரியப்படுத்தியே ஆக வேண்டும், யாராக இருந்தாலும். காப்பாற்ற முடியாத சத்தியம் எதற்கு? “இங்கே பேசுறது வெளியே போகாது. ஆனா உயிருக்கோ குழந்தைக்கோ ஆபத்துன்னா எங்க மேடத்துகிட்ட சொல்லுவேன்” என்று முதலிலேயே சொன்னால் போதும்.

வாசலில் உட்காருகிறவர் என்றால் ஏதோ எடுபிடி வேலை என்று நினைக்காதீர்கள். 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு இருக்கிறவர்கள் என்னிடம் வந்து பேசலாம் என்று தன் தேவாலயத்தைத் திறந்து வைத்தார். கூட்டம் வந்தது. காத்திருப்பவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில சாதாரண ஆட்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் ஒன்றைக் கவனித்தார். டீ கொடுத்தவர்களிடம் பேசிவிட்டே பலர் திரும்பிப் போய்விட்டார்கள், அவரைப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. 1954 பிப்ரவரியில் கேட்கும் பொறுப்பையே அந்தத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது. டீ கொடுத்தவர்கள் ஒரு தீர்வும் சொல்லவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் பாந்த்ராவில் பாபா மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘திலாசா’ மையம் இருக்கிறது. வீட்டில் அடிபடும் பெண்களுக்கு மாநகராட்சி மருத்துவமனைக்குள்ளேயே உதவி. ‘விழுந்துட்டேன்’ என்று காயத்தோடு வருகிறவளின் சொல்லுக்குப் பின்னால் இருப்பதைக் கவனிக்க மருத்துவமனை ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். திலாசா என்றால் ஆறுதல், தேற்றுதல்.

இனி உங்கள் மேசைக்கு வருகிறேன். நாற்காலியை நேர் எதிரில் போடாதீர்கள், கொஞ்சம் சாய்வாகப் போடுங்கள். தெருவிலிருந்து முகம் தெரியக் கூடாது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரோடு இருக்கிற பெண்ணுக்கு, யார் காதிலும் விழாமல் பேச இந்த ஊரில் வேறு இடம் கிடையாது. தண்ணீர் கொடுங்கள், பாத்ரூம் எங்கே என்று கேட்பதற்கு முன்பே காட்டுங்கள், கைக்குழந்தை என்றால் பால் கொடுக்க மறைவான இடம். வருகைப் பதிவேட்டை விரித்துப் போட்டு வைக்காதீர்கள். எனக்கு முன்னால் யார் வந்தார், எதற்கு வந்தார் என்று அடுத்து வருகிறவர் படித்துவிட்டுப் போவார். போன் நம்பர் வாங்கினால், “இது யார் போன், எப்போ கூப்பிட்டா உங்களுக்குத் தொந்தரவு இல்லை?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்காமல் மையத்திலிருந்து போன் போய், எடுத்தவர் புருஷனாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்தி தெரியாத பாட்டி வந்தால் பேரனை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள், அதற்குத்தான் உங்களை வரச் சொன்னார்கள்.

உள்ளே வேறு ஒருவரிடம் அனுப்ப வேண்டுமானால் கையைக் காட்டி அனுப்பாமல் எழுந்து கூடவே போங்கள். முக்கால்வாசிப் பேர் நிஜ விஷயத்தை அந்த நாலடி நடையில்தான் சொல்வார்கள், அல்லது செருப்பு மாட்டும்போது. “செத்துரலாம்னு இருக்கு” என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாமல் கோ-ஆர்டினேட்டரை அங்கேயே வரவழையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் உண்டு, தமிழிலும் பேசுவார்கள். சொந்தக் கைக்காசைக் கொடுக்காதீர்கள். கல்நெஞ்சம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. ஒருமுறை கொடுத்தால் அடுத்த முறை அவர்கள் உங்களிடம் கடனாளியாக வருவார்கள், இல்லையென்றால் வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுவார்கள்.

இந்த வேலை உங்களுக்குச் சரிப்படுமா? வங்கியில் எழுதத் தெரியாதவர் வந்தால், “கையெழுத்தா, கைநாட்டா?” என்று கவுன்ட்டர் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போடுகிற ஊழியரையும் பார்த்திருப்பீர்கள், பேசாமல் மைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்துகிறவரையும் பார்த்திருப்பீர்கள். நீங்கள் இதில் யாராக இருந்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாமவர் என்றால் தாராளமாகத் தொடருங்கள். அந்தக் கோ-ஆர்டினேட்டர் பெண் உங்களைத் திருத்தியது வலித்திருக்கிறது, கடிதத்தில் தெரிகிறது. ஆனால் வயதில் பாதிகூட இல்லாதவள் முகத்துக்கு நேரே சொன்னாள் என்றால், உங்களை நிறுத்த நினைக்கவில்லை, வைத்துக்கொள்ள நினைக்கிறாள் என்று அர்த்தம். அவளிடம் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கேளுங்கள். அப்புறம், நாள் மாற்றாமல் போங்கள். செவ்வாய், வெள்ளி என்றால் செவ்வாய், வெள்ளிதான். பட்சணம் செய்ய வேண்டியிருந்தது, பேத்தி வந்தாள் என்று நடுவில் விடாதீர்கள். திரும்ப வருகிறவர்கள் அதே முகத்தைத் தேடித்தான் வருவார்கள்.

கைக்குழந்தையோடு வந்த அந்தப் பெண் திரும்ப வராமலே போகலாம். வந்தால் எழுந்து நின்று, “வாங்க. அன்னைக்கு நானே பேசிட்டிருந்தேன், நீங்க சொல்ல வந்ததைக் கேக்கலை. தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேளுங்கள். குழந்தை பெயர் என்ன என்றுகூட அவளாகச் சொல்லட்டும்.