சேவற்சண்டை நடந்த நிலம்: உரிமையாளரின் பொறுப்பு எதுவரை?

கேள்வி: பினாங்கின் நிபோங் தெபாலில் என் தந்தை விட்டுச்சென்ற அரை ஏக்கர் நிலம் என் பெயரில் உள்ளது. கோழி வளர்க்கப் போவதாகக் கேட்ட என் அத்தை மகனுக்கு, எழுத்து ஒப்பந்தம் ஏதுமின்றி, மாதம் 300 ரிங்கிட் வாடகைக்கு அதை விட்டேன். தீபாவளிக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சேவற்சண்டை நடப்பதாகக் கேள்விப்பட்டுக் கண்டித்தேன். "இனி நடக்காது" என்றார். சென்ற மாதம் போலீசார் சோதனையிட்டபோது கைதானவர்களில் என் கணவரும் ஒருவர். இப்போது ஜாமீனில் இருக்கிறார். வாக்குமூலம் கொடுக்க என்னையும் அழைத்திருக்கிறார்கள். ஜல்லிக்கட்டையே இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதால், "எங்கள் பாரம்பரியம்" என்று சொன்னால் போதும் என்கிறார்கள் உறவினர்கள். அது எடுபடுமா? நிலத்தைப் பூட்டிவிடலாமா? பந்தயம் கட்ட என் கணவர் என் அத்தை மகனிடம் கொடுத்த 1,500 ரிங்கிட்டைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய வங்கிக் கணக்கு நகலிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கேள்விகளில் இடம்பெறாத, ஆனால் விசாரணை அதிகாரி முதலில் கேட்கக்கூடிய செய்தி அதில்தான் இருக்கிறது. அக்டோபர் வரை மாதந்தோறும் 300 ரிங்கிட் வந்திருக்கிறது. டிசம்பரிலிருந்து 700 வந்திருக்கிறது. அதுவும் ஒவ்வொரு முறையும் திங்கட்கிழமையில். வாடகை ஏன் உயர்ந்தது என்பதற்கு உங்கள் கடிதத்தில் விளக்கம் இல்லை.

விலங்குகள் நலச் சட்டம் 2015, தீபகற்ப மலேசியாவில் 2017 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதையும் அதற்கான ஏற்பாடுகளைச் செய்வதையும் அதன் 32-ஆவது பிரிவு குற்றமாக்குகிறது. தண்டனை 20,000 ரிங்கிட்டுக்குக் குறையாமல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும். பழைய 1953-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தின்கீழ் விலங்கு வதைக்கு நெடுங்காலம் விதிக்கப்பட்டுவந்த அபராதம் அதிகபட்சம் 200 ரிங்கிட்தான். "கொஞ்சம் அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம்" என்று பெரியவர்கள் இன்னும் சொல்வது அந்தக் காலத்து நினைவில்தான். இன்று குறைந்தபட்ச அபராதமே உங்கள் ஐந்தாண்டு வாடகைக்கு மேல்.

இதனுடன் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் 1953 சேர்கிறது. ஓர் இடத்தைச் சூதாட்டத்துக்குப் பயன்படுத்துபவர் மட்டுமல்லாமல், தமக்குச் சொந்தமான இடத்தைப் பிறர் அவ்வாறு பயன்படுத்த அனுமதிக்கும் உரிமையாளரும் அச்சட்டத்தின் 4-ஆவது பிரிவுக்குள் வருகிறார். "அனுமதித்தல்" என்ற சொல்லில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. நிலம் உங்கள் பெயரில் இருப்பது மட்டுமே உங்களைக் குற்றவாளியாக்காது. அங்கே நடப்பதை அறிந்தும், தடுக்கக்கூடிய நிலையில் இருந்தும், நீங்கள் வாளாவிருந்தீர்கள் என்று காட்டப்பட்டால் நிலைமை மாறும். நீங்கள் கண்டித்ததாகச் சொல்வது உங்களுக்குச் சாதகம். ஆனால் கண்டித்த பிறகும் 700 ரிங்கிட்டை வாங்கிக்கொண்டது அந்தச் சாதகத்தைப் பெருமளவு கரைத்துவிடுகிறது. கூடுதல் பணத்துக்கு வேறு உண்மையான காரணம் இருந்தால், பழைய கடனைத் திருப்பித் தந்தார் என்பது போல, அதற்கான சான்றை இப்போதே தேடி எடுங்கள். இல்லாத காரணத்தை உருவாக்க வேண்டாம்.

கண்டித்ததை வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பியிருந்தால், அது எந்த நாளில் அனுப்பப்பட்டது என்பது பெரிய செய்தி. கைப்பேசியிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். உங்களுக்குப் பாதகமாகத் தோன்றும் உரையாடல்களையும்கூட. சாட்சியத்தை மறைப்பது குற்றவியல் சட்டத்தின்கீழ்த் தனிக் குற்றம். சேவற்சண்டை வழக்கிலிருந்து தப்பியவர்கள் இதில் மாட்டிக்கொள்ளக்கூடும்.

பாரம்பரியம் பற்றிய வாதத்துக்கு வருகிறேன். எனக்கு இதில் தனிப்பட்ட நினைவு உண்டு. என் தாத்தா தோட்டத்தில் கட்டுச்சேவல் வளர்த்தவர். களத்தில் இறக்கும் முன் வாயில் தண்ணீரை நிரப்பிச் சேவலின் முகத்தில் ஊதித் தெளிப்பார்; பிளந்த தொடையைத் தையல் ஊசியால் தைத்து மஞ்சள் அப்புவார். தோற்ற சேவல் கோச்சை என்ற பெயரில் அன்றிரவே குழம்பாகிவிடும். அந்த மனிதரின் பாசம் பொய்யில்லை. அந்தத் தையலின்போது சேவல் துடித்ததும் பொய்யில்லை. ஆயினும் நீதிமன்றத்தில் இந்த நினைவுகளால் பயனில்லை, ஏனெனில் எங்கள் வழக்கம் என்பதற்காக 32-ஆவது பிரிவிலிருந்து ஒருவர் விலகி நிற்க முடியாது.

உறவினர்கள் சொல்லும் இந்தியத் தீர்ப்பும் அவர்கள் நினைப்பது போன்றதன்று. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தது. 2017-இல் தமிழ்நாடு அரசு, மத்திய அரசின் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தைத் தன் மாநிலத்துக்கு மட்டும் திருத்தி, ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவற்றுக்கு விலக்களித்தது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. பாரம்பரியம் தானாகவே வென்றுவிடவில்லை. சட்டமன்றம் சட்டம் இயற்றிய பிறகே வென்றது. அந்த விலக்கில் சேவற்கட்டு இல்லை. அதைவிட, இந்திய நீதிமன்றத்தின் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. சரவாக்கில் ஈபான் மக்கள் நடத்துகிறார்களே என்று யாராவது சொன்னால், 2015-ஆம் ஆண்டுச் சட்டம் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் உரியது, சரவாக்கின் நிலைமை வேறு என்பதே பதில்.

"அறுத்துத் தின்னலாம், சண்டைக்கு விடக்கூடாதா?" என்ற கேள்வி நியாயமற்றதன்று, கோழிப்பண்ணைகளின் கூண்டுகளைப் பார்த்தவர் எவரும் அதை எளிதில் ஒதுக்கிவிட மாட்டார். ஆனால் அது சட்டத்தை மாற்றக் கோருபவர் நாடாளுமன்ற உறுப்பினரிடம் வைக்க வேண்டிய கேள்வி. கால்நடைச் சேவைத் துறை அதிகாரியிடமோ போலீசாரிடமோ அதை வைத்தால், சண்டை நடந்ததை ஒப்புக்கொண்டதாகவே முடியும்.

வாக்குமூலத்துக்கு அழைப்பு வந்தால் போகத்தான் வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவின்படி, கேட்கப்படும் கேள்விகளுக்கு உண்மையாகப் பதிலளிக்கும் கடமை உங்களுக்கு உண்டு. உங்கள்மீதே குற்றச்சாட்டு வரக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமையும் அதே பிரிவில் உண்டு. எந்தக் கேள்வி எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத் தனியே முடிவுசெய்ய முயல வேண்டாம். ஒரு வழக்கறிஞரை முன்கூட்டியே பாருங்கள். எழுதப்பட்ட வாக்குமூலம் மலாய் மொழியில் இருக்கும். புரியாத வரி ஒன்று இருந்தாலும் விளக்கம் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

உங்கள் கணவரின் நிலை வேறு. சூதாட்ட இல்லத்தில் காணப்படுபவர் சூதாடினார் என்றே சட்டம் முதலில் அனுமானிக்கிறது. "வேடிக்கை பார்க்கத்தான் போனேன்" என்பதை அவர்தான் நிறுவ வேண்டும். பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டத்தின் 6-ஆவது பிரிவின் தண்டனை 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். நீங்கள் இருவரும் ஒரே வழக்கறிஞரை வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் ஒவ்வொரு ஞாயிறும் அங்கே போனார் என்பது, கண்டித்த பிறகும் அது தொடர்ந்தது உங்களுக்குத் தெரியாது என்ற நிலைப்பாட்டுக்கு எதிராகத் திரும்பக்கூடும். கட்டணம் சிரமமென்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை அணுகலாம்.

அந்த 1,500 ரிங்கிட்டை மறந்துவிடுங்கள். ஒப்பந்தச் சட்டம் 1950-இன் 31-ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. வென்ற பணத்தைக் கேட்டும் வழக்குப் போட முடியாது, பந்தய முடிவுக்காக ஒருவரிடம் ஒப்படைத்த பணத்தைக் கேட்டும் வழக்குப் போட முடியாது. அந்தக் கோரிக்கையை எழுத்தில் அனுப்பினால் உங்கள் கணவருக்கு எதிரான சாட்சியத்தை நீங்களே தயாரித்துக் கொடுத்ததாகிவிடும்.

வாசலைப் பூட்டுவதும் கூடாது. குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1950, வாடகைக்காரரை நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்றுவதைத் தடுக்கிறது; எழுத்து ஒப்பந்தம் இல்லாததால் அவர் வாடகைக்காரர் அல்லர் என்று ஆகிவிடாது. உள்ளே மிச்சமிருக்கும் சேவல்களுக்குத் தீனியின்றிப் போனால் அந்த வதைக்கும் நீங்களே பதில் சொல்ல நேரும். செய்ய வேண்டியது ஒரு கடிதம்: நிலத்தில் விலங்குச் சண்டையோ சூதாட்டமோ நடத்துவதற்கு உங்கள் சம்மதம் இல்லை, ஒரு மாத அறிவிப்புடன் வாடகை முடிவடைகிறது, 300 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட எந்தத் தொகையும் ஏற்கப்படாது என்று எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதை வழக்கறிஞர் பார்த்த பிறகு, வாக்குமூலத்துக்குச் செல்வதற்கு முன்பாக அனுப்புவது நல்லது. அத்தை வீட்டில் மனவருத்தம் வரும் என்று எழுதியிருந்தீர்கள். வரத்தான் செய்யும், அதற்காகக் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.