ரஷ்யச் சாப்பாட்டுக்கடையில் மாமிக்கு என்ன எடுப்பது?

கேள்வி: மகள் மொஸ்கோவில் மருத்துவம் படிக்கிறாள். மார்ச் கடைசியில் நானும் கணவரும் மாமியும் அவளைப் பார்க்கப் போகிறோம். பழைய பாணியில் நடக்கும் ஒரு சின்ன ரஷ்யச் சாப்பாட்டுக்கடையில் ஆறுதலாக இருந்து சாப்பிட ஆசை. நாங்கள் மாடும் பன்றியும் தொடமாட்டோம், மாமி முட்டைகூட இல்லாத சைவம். வெறும் பாணோடு எழும்பி வரவேண்டியதுதானா?
– வாசகி, உப்புவெளி

பதில்: இல்லவே இல்லை. மார்ச் கடைசி என்றால் மாமிக்குத்தான் யோகம். அங்குள்ள ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்திய ஏழு வாரமும் நோன்பு, இறைச்சி, பால், முட்டை எல்லாவற்றையும் விடுவார்கள், அதனால் நிறையக் கடைகள் அந்த நாட்களில் தனியாக ஒரு நோன்பு மெனு வைத்திருக்கும். மகளிடம் சொல்லி அதைக் கேட்டு வாங்குங்கள். காளான் போட்ட பார்லி சூப், வெங்காயம் வதக்கிப் போட்ட கிரேச்கா (பக்வீட் என்ற தானியம்) கஞ்சி, உப்பில் புளிக்கவைத்த கோவா, ரை என்ற தானிய மாவில் சுட்ட கறுப்புப் பாண் என்று வயிறு நிறையச் சாப்பிடலாம். ஒன்று மட்டும், அந்த மெனுவிலும் இறால், கணவாய் வரக்கூடும், அதையும் விசாரியுங்கள்.

நம்மவர்கள் ஏமாறுவது சூப்பில்தான். "இறைச்சி இருக்கிறதா?" என்றால் "இல்லை" என்பார்கள், துண்டு இருக்காது, ஆனால் மாட்டெலும்பு அவித்த தண்ணீரில் வைத்திருப்பார்கள். பீற்றூட் போட்ட போர்ஷ், கோவா போட்ட ஷீ இரண்டும் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே எதில் அவித்தது என்று கேளுங்கள், அந்தக் கேள்விதான் முக்கியம். பெல்மெனி என்ற கொழுக்கட்டைக்குள் வழக்கமாக மாடும் பன்றியும் கலந்திருக்கும், கோழி வைத்ததும் உண்டு. வரேனிகியும் கொழுக்கட்டை மாதிரித்தான், உருளைக்கிழங்கு வைத்தது மாமிக்குச் சரி, மாவில் முட்டை போடவில்லை என்றால். பிளினி தோசை மாதிரித் தெரிந்தாலும் அதில் முட்டை இருக்கும்.

உங்கள் இருவருக்கும் நான் சொல்வது உகா என்ற மீன் சூப். ஆற்று மீனை உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகு, பிரிஞ்சி இலையோடு தெளிவாக அவித்து மேலே சதகுப்பி இலை தூவித் தருவார்கள். திருகோணமலையில் மீன் தின்று வளர்ந்த நாக்குக்கு அந்தச் சாறு உடனே பிடிக்கும். சிலர் அதில் கொஞ்சம் வொட்கா விடுவதுண்டு, வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். உறைப்புப் போதாதென்று மிளகாய்த்தூள் சரை கட்டிக்கொண்டு போகாதீர்கள், பாவம் அந்தச் சமையல். ரஷ்யக் கடுகு விழுதைக் கேளுங்கள், மூக்கில் ஏறும்.

உள்ளே போனதும் குளிர்கோட்டைக் கழற்றி வாசலில் உள்ள அறையில் கொடுத்து இலக்கத்துண்டு வாங்க வேண்டும், கோட்டோடு மேசையில் இருப்பது அங்கே மரியாதைக் குறைவு. அப்புறம் பணம்: 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் அங்கே சேவையை நிறுத்திவிட்டன, இங்குள்ள வங்கி தந்த அந்த அட்டைகள் வேலை செய்யாது, ரூபிளாகக் கையில் வைத்திருங்கள். வார நாளில் மதியம் போனால் 'பிஸ்னஸ் லஞ்ச்' என்று சூப், கஞ்சி, குடிக்க ஏதாவது சேர்த்து மலிவாகக் கிடைக்கும். ஆனால் நீங்கள் ஆறுதலாக இருக்க ஆசைப்படுகிறீர்கள், அதற்குப் பின்னேரம்தான் நல்லது. கடைசியில் தேநீரும் வரேன்யே என்ற பழப்பாகும் எடுங்கள், பாகைக் கரண்டியால் அள்ளித் தின்றுகொண்டே குடிப்பார்கள். ரஷ்யா நம் தேயிலையை நிறைய வாங்கும் நாடு, சமோவார் என்ற தேநீர்க் கொதிகலனோடு வருவது நுவரெலியாத் தேயிலையாகவும் இருக்கலாம்.

கேள்வி: ரஷ்யர்கள் குடிக்கும் குவாஸில் மதுசாரம் உண்டா?
– வாசகர், மூதூர்

பதில்: உண்டு, கொஞ்சமாக. ரை பாணை ஊறவைத்துப் புளிக்க வைப்பது அது, குளிர்பானம் போலப் பிள்ளைகளும் குடிப்பார்கள், ஆனாலும் சுமார் 1 சதவீதம் வரை இருக்கும். நீங்கள் கண்டிப்பாகத் தவிர்ப்பவர் என்றால் மோர்ஸ் கேளுங்கள், கிரான்பெரிச் சாறும் தண்ணீரும் சீனியும்தான்.